மிட்ஸியோட சாக்லேட் கேக்கும் அகதா கிறிஸ்டியோட ஒரு கிராமத்துக் கொலையும்

"மழை நாள்ல படிக்க ஒரு கோஸி மிஸ்டரி, அதாவது மென்மையான துப்பறியும் கதை, சொல்லுங்க, கூடவே வீட்ல பேக் பண்ண ஒரு ரெசிபியும் வேணும், ஆனா ரெண்டுக்கும் நிஜமாவே சம்பந்தம் இருக்கணும், ரத்தம் கொடூரம் எல்லாம் வேண்டாம்"னு கேட்டிருந்தீங்க. ரொம்ப நாளா யாராவது இதைக் கேட்க மாட்டாங்களான்னு காத்துக்கிட்டு இருந்தேன், அதனால பதில் கொஞ்சம் நீளமாத்தான் வரும்.

பொதுவா இந்தக் கேள்விக்கு அமெரிக்கால வர்ற பேக்கரி மிஸ்டரிகளைத்தான் சொல்வாங்க. ஜோன் ஃப்ளூக் எழுதின ஹன்னா ஸ்வென்சன் கதைகள் மாதிரி, மின்னசோட்டால ஒரு சின்ன ஊரு, குக்கி கடை வச்சிருக்கற பொண்ணு, அவங்களே துப்பு துலக்குவாங்க, நடுநடுவுல முழு ரெசிபியும் இருக்கும். அதெல்லாம் நல்லாவே இருக்கும், நான் குறை சொல்லல. ஆனா அந்த மாதிரி நிறைய புக்ல ரெசிபியை எடுத்துட்டாலும் கதை அப்படியே நிக்கும். நீங்க சம்பந்தம் இருக்கணும்னு கேட்டதால நான் சொல்றது ரெசிபியே இல்லாத ஒரு புக், அகதா கிறிஸ்டியோட "எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு". 1950ல வந்தது, அவங்களோட 50வது புத்தகம்னு சொல்லித்தான் பதிப்பகம் வெளியிட்டுச்சு. மிஸ் மார்ப்பிள்ங்கற வயசான அம்மா துப்பு துலக்கற கதை.

கதை எப்படி ஆரம்பிக்குதுன்னு மட்டும் சொல்றேன், அதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். இங்கிலாந்துல சிப்பிங் கிளெக்ஹார்ன்னு ஒரு கற்பனை கிராமம். காலைல எல்லார் வீட்லயும் உள்ளூர் பேப்பர் வருது, அதுல வரி விளம்பரப் பகுதில, நாய்க்குட்டி விற்பனை வேலைக்கு ஆள் தேவைன்னு வர்ற எடத்துல, "அக்டோபர் 29 வெள்ளிக்கிழமை சாயந்திரம் ஆறரை மணிக்கு லிட்டில் பேடாக்ஸ் வீட்டுல ஒரு கொலை நடக்கும்"னு அழைப்பு மாதிரி போட்டிருக்கு. அந்த வீட்டுக்காரம்மா மிஸ் பிளாக்லாக்குக்கே அது என்னன்னு தெரியல. ஊர்ல எல்லாரும் ஏதோ பார்ட்டி விளையாட்டு போலன்னு நெனச்சு ஆளுக்கு ஒரு சாக்கு சொல்லிக்கிட்டு வந்து உக்கார்றாங்க, மணி ஆறரை அடிக்குது, லைட் அணையுது. அவ்வளவுதான். மிஸ் மார்ப்பிள் எட்டாவது அத்தியாயத்துலதான் வர்றாங்க, அதனால முதல் நூறு பக்கத்துல அவங்களைக் காணோமேன்னு கவலைப்படாதீங்க.

இதுல கேக் எங்க வருதுன்னா, அந்த வீட்ல மிட்ஸின்னு ஒரு சமையல்காரப் பொண்ணு இருக்கா. மத்திய ஐரோப்பால ரெண்டாம் உலகப்போர்ல குடும்பத்தையே பறிகொடுத்துட்டு இங்கிலாந்துக்கு அகதியா வந்தவ. வீட்ல இருக்கற டோரா பன்னர், மிஸ் பிளாக்லாக்கோட பழைய ஸ்கூல் ஃப்ரெண்டு, அவங்க பிறந்தநாளுக்கு ஒரு கேக் செய்யணும். மிட்ஸி செய்யற சாக்லேட் கேக்குக்கு வீட்ல இருக்கற பேட்ரிக்னு தூரத்து சொந்தக்காரப் பையன் வச்ச பேரு "டெலிஷியஸ் டெத்", அதாவது சாப்ட்டுட்டு செத்தாலும் பரவால்லங்கற அளவுக்கு ருசின்னு பாராட்டாத்தான் வச்சான். ஆனா மிட்ஸிக்கு கோவம், என் கேக்கை அப்படி சொல்லக்கூடாதுன்னு. அந்தப் பேரே ஒரு அத்தியாயத்துக்குத் தலைப்பு.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். மிட்ஸி கேக் செய்ய ஒத்துக்கறதுக்கு முன்னாடி சாக்லேட் எங்க, வெண்ணெய் எங்க, சர்க்கரை எங்கன்னு சண்டை போடறா. அதுக்கு மிஸ் பிளாக்லாக், அமெரிக்கால இருந்து யாரோ அனுப்பின டின் வெண்ணெயை எடுத்துக்கோ, கிறிஸ்மஸுக்குன்னு எடுத்து வச்ச திராட்சைலயும் கொஞ்சம் எடுத்துக்கோன்னு சொல்லி, ஒரு சாக்லேட் கட்டியும் சர்க்கரையும் எடுத்துக் கொடுக்கறாங்க. முதல் தடவை படிச்சப்ப நான் இதை சும்மா வீட்டு சச்சரவுன்னு தாண்டிப் போயிட்டேன். ரெண்டாவது தடவை படிக்கறப்பதான் தெரிஞ்சுது அங்க பேசிக்கற ஒவ்வொரு சாமானும் ரேஷன் சாமான்.

பிரிட்டன்ல ரேஷன் 1940 ஜனவரில ஆரம்பிச்சுது, முழுசா முடிஞ்சது 1954 ஜூலைல. போர் முடிஞ்சும் ஒன்பது வருஷம்! முட்டையும் சர்க்கரையும் ரேஷன்ல இருந்து போனது 1953ல, வெண்ணெய் 1954ல. சாக்லேட் மிட்டாய் கதை இன்னும் பாவம், 1949 ஏப்ரல்ல ரேஷனை எடுத்துட்டாங்க, ஜனங்க கடையைக் காலி பண்ணிட்டாங்க, அந்த ஆகஸ்ட்லயே திரும்ப ரேஷனுக்குள்ள கொண்டு வந்துட்டாங்க, அப்புறம் 1953 பிப்ரவரி வரைக்கும் காத்திருக்க வேண்டியதாப் போச்சு. இந்த புக் வந்தது அதுக்கு நடுவுல. போர்க்காலத்துல ஒரு ஆளுக்கு வாரத்துக்குப் பொதுவாக் கிடைச்சது 2 அவுன்ஸ் வெண்ணெய், அதாவது 57 கிராம் கிட்ட, சர்க்கரை 8 அவுன்ஸ், முட்டை ஒண்ணே ஒண்ணு. கீழ நான் தர்ற ரெசிபில 120 கிராம் வெண்ணெயும் 4 முட்டையும் இருக்கு, அந்தக் கணக்குல பார்த்தா ரெண்டு பேரோட ஒரு வார வெண்ணெய், ஒரு ஆளோட ஒரு மாச முட்டை, ஒரே கேக்ல. டோராவுக்கு அந்தக் கேக் எவ்வளவு பெரிய பாசம்னு இதை வச்சு யோசிச்சுப் பாருங்க. அந்த ஊர்ல பண்ணைக்காரங்க வெண்ணெய் எடுக்கற நாள்ல தெரிஞ்சவங்களுக்குக் கொஞ்சம் ரகசியமாக் கொடுக்கறதும், பதிலுக்கு இவங்க தோட்டத்துக் காய்கறி கொடுக்கறதும், ஒருத்தர் வீட்டுக்குள்ள ஒருத்தர் சர்வ சாதாரணமா நுழைஞ்சு சாமானை வச்சுட்டுப் போறதும், எல்லாம் கதைல வருது, விசாரிக்க வர்ற இன்ஸ்பெக்டர் கிட்ட சொல்றதுக்கு மட்டும் தயங்குவாங்க.

இன்னொண்ணு இருக்கு, நான் இந்த புக்கை இவ்வளவு நேசிக்கறதுக்கு அதுதான் காரணம். மிஸ் மார்ப்பிள் ஒரு எடத்துல சொல்றாங்க, பதினஞ்சு வருஷம் முன்னாடி கிராமத்துல யார் யாருன்னு எல்லாருக்கும் தெரியும், புதுசா ஒருத்தர் வந்தா தெரிஞ்சவங்க கிட்ட இருந்து ஒரு கடிதம் கொண்டு வருவாங்க, இப்ப அப்படி இல்ல, போருக்கப்புறம் யார் யாரோ எங்கெங்கிருந்தோ வந்து குடியேறிட்டாங்க, அவங்க தன்னைப் பத்தி என்ன சொல்றாங்களோ அதுதான் நமக்குத் தெரியும்னு. அதைக் கேட்டுட்டு இன்ஸ்பெக்டர் யோசிக்கறாரு, ஆமா, எல்லார் கிட்டயும் இருக்கறது ரேஷன் புக்கும் அடையாள அட்டையும்தான், அதுல போட்டோ இல்ல, கைரேகை இல்ல. நம்ம ஊர்ல ரேஷன் கார்டை அட்ரஸ் ப்ரூஃபா நீட்டி நின்னவங்களுக்கு இது ரொம்ப சுலபமாப் புரியும். அந்தக் கேக்கை அரிய பொருளாக்கினதும் அதே ரேஷன் புக், அந்த மர்மத்தை சாத்தியமாக்கினதும் அதே ரேஷன் புக். கேக்கை எடுத்துட்டா இந்தக் கதைல ஒரு பெரிய துண்டு போயிடும்.

மிட்ஸியைப் பத்தியும் ஒரு வார்த்தை. கதைல இருக்கறவங்க அவளை ஒரு பொய்க்காரி, சும்மா பதறுறவன்னு ஒதுக்கறாங்க, சில எடத்துல எழுத்தும் அவளைப் பார்த்து சிரிக்குது, எனக்கு அது வருத்தம்தான். வீட்டையும் மனுஷங்களையும் இழந்துட்டு வந்த ஒருத்தி போலீஸ் யூனிஃபார்மைப் பார்த்து நடுங்கறது சிரிக்கற விஷயமே இல்ல. ஆனா கடைசி வரைக்கும் படிங்க, அவளை விட்டுட்டு இந்தக் கதை முடியாது.

சரி, ரெசிபி. நாவல்ல அளவு எதுவும் இல்ல. வெண்ணெய், சர்க்கரை, சாக்லேட், திராட்சை, மேல சாக்லேட் ஐசிங், அதுல "நல்வாழ்த்துகள்"னு எழுதணும்னு மிட்ஸி ஆசைப்படறது, இவ்வளவுதான் குறிப்பு. 2010ல அகதா பிறந்து 120 வருஷம் ஆனதை ஒட்டி ஜேன் ஆஷர்னு நடிப்புக்கும் கேக்குக்கும் பேர் போன ஒருத்தங்க இதுக்கு ஒரு ரெசிபி உருவாக்கினாங்க. நான் தர்றது அது இல்ல, நான் சில வருஷமா செஞ்சு பார்த்து மாத்திக்கிட்டது. மிட்ஸி இங்கிலீஷ்காரங்க கேக் மணல் மாதிரி இருக்குன்னு திட்டுவா, அவ வந்த பக்கத்துல டோர்ட்டேன்னு சொல்ற வகை கேக்ல மைதா கம்மியா, பாதாம் மாதிரி பருப்புப் பொடி நிறையப் போட்டு, முட்டையை நல்லா அடிச்சு அந்த நுரைலயே எழும்ப வைப்பாங்க, வாயில வச்சா கரையும். அதனால அந்த வழிலயே போனேன்.

எடுத்துக்க வேண்டியது: டார்க் சாக்லேட் 175 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 120 கிராம், பொடிச்ச சர்க்கரை 120 கிராம், முட்டை 4, பாதாம் பொடி 100 கிராம், மைதா 40 கிராம், பேக்கிங் பவுடர் அரை டீஸ்பூன், ஒரு சிட்டிகை உப்பு, வெனிலா ஒரு டீஸ்பூன், உலர் திராட்சை 75 கிராம், அதை ஊற வைக்க பால் கலக்காத சூடான டீ மூணு டேபிள்ஸ்பூன் (ஆரஞ்சு ஜூஸும் நல்லா இருக்கும்). மேல பூசறதுக்கு இன்னொரு 100 கிராம் டார்க் சாக்லேட், 100 மில்லி ஃப்ரெஷ் க்ரீம், ஒரு டீஸ்பூன் வெண்ணெய். டின் 8 இன்ச் வட்டம்.

சாக்லேட் வாங்கறப்ப பின்னாடி திருப்பி என்ன போட்டிருக்குன்னு படிங்க. கடைல சல்லிசாக் கிடைக்கற காம்பவுண்ட் சாக்லேட்ல கோகோ பட்டருக்குப் பதிலா வேற தாவர எண்ணெய் இருக்கும், ஷேப் பண்றதுக்கு அது சௌகரியம், ஆனா இந்தக் கேக்ல சாக்லேட்தான் எல்லாமே, நாக்குல மெழுகு ஒட்டின மாதிரி ஆயிடும். கோகோ பட்டர்னு எழுதியிருக்கறது, 55 சதவீதத்துக்குக் குறையாதது, அதை வாங்குங்க. அப்புறம் கிச்சன் தராசு இல்லேன்னா இதைக் கப் கணக்குல செய்ய ட்ரை பண்ணாதீங்க. அகதா கிறிஸ்டி முதல் உலகப்போர் சமயத்துல டார்க்கி ஊர் ஆஸ்பத்திரில மருந்து கலந்து கொடுக்கற வேலை பார்த்தவங்க, அவங்க கதைல விஷம் எல்லாம் அவ்வளவு துல்லியமா இருக்கறதுக்கு அந்த வேலைதான் அடிப்படை, கிராம் தப்பினா என்ன ஆகும்னு அவங்களுக்கு நல்லாத் தெரியும். பேக்கிங்லயும் அதே ஒழுக்கம்தான் வேணும்.

முதல்ல திராட்சையை சூடான டீல போட்டு மூடி வச்சுடுங்க. ஓடிஜியை (கரண்ட் ஓவன்) 160 டிகிரில மேல கீழ ரெண்டு ராடும் போட்டு பதினஞ்சு நிமிஷம் சூடாக்குங்க, டின்ல வெண்ணெய் தடவி அடில பட்டர் பேப்பர் போடுங்க, இதை விட்டீங்கன்னா எடுக்கறப்ப உடைஞ்சு வரும். வெண்ணெயும் சாக்லேட்டும் ஒரு கிண்ணத்துல போட்டு கொதிக்கற தண்ணி மேல வச்சு உருக்குங்க, கிண்ணத்தோட அடி தண்ணில படக்கூடாது, ஒரு சொட்டு தண்ணி உள்ள தெறிச்சாலும் சாக்லேட் மணல் மணலா இறுகிடும், அதனால கரண்டி கிண்ணம் எல்லாம் காஞ்சிருக்கணும். உருகினதும் இறக்கி, விரலை வச்சா வெதுவெதுன்னு இருக்கற அளவுக்கு ஆற விடுங்க.

முட்டை ஃப்ரிட்ஜ்ல இருந்தா எடுத்த உடனே குளிர்ச்சியோட மஞ்சக்கருவையும் வெள்ளைக்கருவையும் பிரிச்சுடுங்க, குளிர்ச்சியா இருக்கறப்பதான் மஞ்சள் உடையாம பிரியும், அப்புறம் அரை மணி நேரம் வெளில வைங்க. மஞ்சக்கருவோட 70 கிராம் சர்க்கரை சேர்த்து மூணு நாலு நிமிஷம் அடிங்க, கலர் வெளுத்து திக்கா நாடா மாதிரி விழணும். அதுல ஆறின சாக்லேட்டை ஊத்திக் கலக்கி, வெனிலா, அப்புறம் சலிச்ச மைதா, பாதாம் பொடி, பேக்கிங் பவுடர், உப்பு. திராட்சையைப் பிழிஞ்சு வடிகட்டி அரை ஸ்பூன் மைதால புரட்டிப் போடுங்க, இல்லேன்னா எல்லாம் அடிக்குப் போய் உக்காந்துக்கும்.

இப்ப வெள்ளைக்கரு. கிண்ணத்துல துளி எண்ணெய்ப் பசை இருந்தாலும், துளி மஞ்சக்கரு விழுந்தாலும் நுரை வராது, எலுமிச்சை மூடியால கிண்ணத்தைத் தேச்சுத் துடைச்சுட்டு ஆரம்பிங்க. நுரை வந்ததும் மிச்ச 50 கிராம் சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாப் போட்டு அடிங்க. பீட்டரைத் தூக்கினா நுனி லேசா வளைஞ்சு நிக்கணும், அங்கயே நிறுத்திடணும். குச்சி மாதிரி விறைப்பா நிக்கற வரைக்கும் அடிச்சா அது மாவுல கலக்காது, வெள்ளைத் திட்டுத் திட்டா நிக்கும், நிறைய பேர் தப்பு பண்றது இந்த எடத்துலதான். முதல்ல மூணுல ஒரு பங்கை சாக்லேட் கலவைல போட்டு தாராளமாக் கலக்கி அதை இளக்குங்க, மிச்சத்தை ரெண்டு தடவையாப் போட்டு அடில இருந்து மேல மடிச்சு மடிச்சு சேருங்க, அவசரப்பட வேண்டாம்.

டின்ல ஊத்தி நடு ராக்ல 35லேர்ந்து 40 நிமிஷம். முதல் 25 நிமிஷம் கதவைத் திறக்கவே கூடாது. டூத்பிக் குத்தினா சுத்தமா வரணும்னு எதிர்பார்க்காதீங்க, ஈரமான சின்னத் துணுக்கு ஒட்டிக்கிட்டு வந்தா எடுத்துடலாம், சுத்தமா வர்ற வரைக்கும் விட்டா மிட்ஸி சொல்ற மணல்தான். வெளில எடுத்ததும் நடுவுல கொஞ்சம் அமுங்கும், மேல் தோல் வெடிக்கும், பயப்படாதீங்க, இந்த வகைக் கேக் அப்படித்தான், ஐசிங் அதை மூடிடும். முழுசா ஆறின பிறகு, க்ரீமை ஓரத்துல குமிழி வர்ற வரைக்கும் மட்டும் சூடாக்கி நறுக்கின சாக்லேட் மேல ஊத்தி ரெண்டு நிமிஷம் விட்டு நடுவுல இருந்து கலக்கி, வெண்ணெய் சேர்த்து, கொஞ்சம் திக்கானதும் பூசுங்க. நம்ம ஊர் பாக்கெட் க்ரீம்ல கொழுப்பு 25 சதவீதம் கிட்டதான், அது கொதிச்சா பிரிஞ்சுடும், அதனால அடுப்பு சிம்ல.

முட்டை சாப்பிடாதவங்க என்ன பண்றதுன்னு கண்டிப்பா கேப்பீங்க. இந்தக் கேக்ல முட்டையை எடுத்துட்டு தயிர் போட்டு சமாளிக்க முடியாது, நுரைதான் இதோட எலும்பு. அதுக்குப் பதிலா வினிகர், சோடால எழும்பற கேக் செய்யுங்க, முட்டை கிடைக்காத ரேஷன் காலத்துல வினிகரும் சோடாவும் வச்சுத்தான் நிறைய வீட்ல சமாளிச்சாங்க, அதனால கதைக்கும் அது பொருத்தமே. மைதா 190 கிராம், சர்க்கரை 180, கோகோ பவுடர் 30, சமையல் சோடா ஒரு டீஸ்பூன், உப்பு எல்லாம் கலந்து, 80 மில்லி எண்ணெய், 240 மில்லி தண்ணி, வெனிலா, கடைசில வினிகர் ஒரு டேபிள்ஸ்பூன், கலந்த உடனே 180 டிகிரில 30லேர்ந்து 35 நிமிஷம். திராட்சையும் மேல ஐசிங்கும் அதே மாதிரி.

படிக்கறதையும் செய்யறதையும் எப்படி சேர்க்கறதுன்னா நான் இப்படிப் பண்ணுவேன். முதல் நாள் சாயந்திரம் ஏழு அத்தியாயம் படிச்சுட்டு, ராத்திரி கேக் செஞ்சு ஆற வச்சு ஐசிங் போட்டு மூடி வச்சுடுவேன், ஏன்னா இது மறுநாள்தான் உச்ச ருசில இருக்கும், சாக்லேட்டும் பாதாமும் ஒண்ணோட ஒண்ணு ஊறிடும். மறுநாள் மிஸ் மார்ப்பிள் உள்ள வர்ற எட்டாவது அத்தியாயத்துல இருந்து ஆரம்பிச்சு, பாதியைத் தாண்டி டோராவோட பிறந்தநாள் வர்ற எடத்துல புக்கைக் கவுத்து வச்சுட்டு டீ போட்டு கேக்கை வெட்டுவேன். பால் டீயை விட சர்க்கரை போடாத கட்டன் டீ இதுக்கு நல்லா இருக்கும். போன தடவை என் பொண்ணு கேக் மேல மிட்ஸி எழுத நெனச்ச அதே "நல்வாழ்த்துகள்"ங்கறதைத் தமிழ்ல எழுதினா. பட்டர் பேப்பரை முக்கோணமா மடிச்சு நுனியை ஊசி அளவுக்கு வெட்டி மிச்ச ஐசிங்கால எழுதணும், "ழ்"ல மட்டும் கொஞ்சம் நிதானமா போங்க.